அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுண்டி: நிலம் யார் கையில் இருந்தது என்ற கதை

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கிராமப்புறக் கவுண்டி என்று சொல்கிறார்களே, அப்படி ஒன்றின் வரலாறு, நிலவியல், மக்கள் பற்றி விளக்கமாகச் சொல்ல முடியுமா?

தெற்கு என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் வர்ஜீனியாவிலிருந்து டெக்சஸ் வரை அலைய வேண்டியிருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஊர்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வதுதான் மிச்சம். அதனால் ஒரே ஒரு கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். அலபாமா மாநிலத்தின் 67 கவுண்டிகளில் ஒன்றான லவுண்ட்ஸ். தலைநகர் மான்ட்கோமரிக்குத் தென்மேற்கே, ஒட்டினாற்போல் இருக்கிறது. பரப்பு சுமார் 1,850 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10,311. தலைமை ஊர் ஹெய்ன்வில். அதைத் தவிர ஃபோர்ட் டெபாசிட், ஒயிட் ஹால், மோசஸ், லவுண்ட்ஸ்பரோ, பென்டன் என்று சில சின்ன ஊர்கள். அவ்வளவுதான்.

முதலில் கவுண்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கதைக்கு அது முக்கியம். மேலிடத்திலிருந்து நியமித்து அனுப்பும் கலெக்டர், தாசில்தார் போன்றவர்கள் அங்கே கிடையாது. போலீஸ் வேலை பார்க்கும் ஷெரிஃப், சொத்து வரியை நிர்ணயிப்பவர், பத்திரப் பதிவும் உயில் வழக்கும் பார்க்கும் பிரோபேட் நீதிபதி, பள்ளிகளை நடத்தும் வாரியம், சாலை போடும் ஆணையம் என்று பெரும்பாலும் எல்லாமே உள்ளூர்த் தேர்தலில் வந்தவர்கள். வழக்கு நடந்தால், குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஜூரியில் உட்காருபவர்களும் உள்ளூர்க்காரர்களே. ஆக, யாருக்கு ஓட்டு இருக்கிறதோ அவர்களிடம்தான் போலீஸ், வரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் எல்லாம் இருக்கும். ஓட்டு இல்லாதவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. லவுண்ட்ஸின் கறுப்பினத்தவருக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைமை அப்படித்தான் இருந்தது.

சரி, மண்ணிலிருந்து தொடங்கலாம்.

எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி ஆழமில்லாத கடலாகக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத கடல் உயிரிகளின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து சுண்ணாம்புப் பாறையாக இறுகின. கடல் பின்வாங்கிய பிறகு அந்தப் பாறைக்கு மேல் உருவானது கனத்த களிமண். அலபாமாவின் குறுக்கே மிசிசிப்பி வரைக்கும் வளைந்து ஓடும் இந்தக் கருமண் பட்டைக்கு 'பிளாக் பெல்ட்' என்று பெயர். லவுண்ட்ஸின் வட பாதி அதற்குள் வருகிறது. நம் ஊரில் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழையில் ஊதும், செருப்பில் அப்பிக்கொள்ளும், வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு இதைவிட நல்ல மண் இல்லை. மண் மெலிந்து வெள்ளைப் பாறை வெளியே தெரியும் இடங்களில் சிடார் மரங்கள் மட்டும் நிற்கும்.

தெற்கே ஃபோர்ட் டெபாசிட் பக்கம் போனால் நிலமே மாறிவிடும். மணல் கலந்த மேட்டு நிலம், பைன் காடு. அங்கே பெரிய தோட்டங்கள் குறைவு, சிறு நிலம் வைத்திருந்த வெள்ளையர்கள் அதிகம். ஒரே கவுண்டிக்குள் இரண்டு விதமான மண், இரண்டு விதமான சமூகம். வடக்கு எல்லை நெடுக அலபாமா ஆறு ஓடுகிறது. ரயில் வருவதற்கு முன் பருத்திப் பொதிகள் நீராவிப் படகில் ஏறி மொபில் துறைமுகத்துக்குப் போனது இந்த ஆற்றின் வழியாகத்தான்.

இந்த நிலம் முதலில் மஸ்கோகி மக்களுடையது. கிரீக் என்று ஆங்கிலேயர் அழைத்தவர்கள். ஆற்றங்கரை மேட்டில் எக்கனாச்சாக்கா என்றொரு ஊர் இருந்தது. வெள்ளையரின் வழிமுறைகளை ஏற்கக் கூடாது என்று நின்ற ஒரு பிரிவினர் அதைப் புனித பூமியாக நினைத்தார்கள். தங்கள் தீர்க்கதரிசியின் மந்திரத்தால் பகைவர்கள் அதற்குள் கால் வைக்க முடியாது என்று நம்பினார்கள். 1813 டிசம்பர் 23 அன்று ஜெனரல் கிளைபோர்னின் படை, சாக்டா என்ற இன்னொரு பூர்வகுடி வீரர்களின் துணையோடு வந்து ஊரை எரித்தது. கிரீக் தலைவர்களில் ஒருவரான வில்லியம் வெதர்ஃபோர்ட் குதிரையோடு மேட்டிலிருந்து ஆற்றில் பாய்ந்து தப்பித்தார் என்பது அலபாமாவில் இன்றும் சொல்லப்படும் கதை. எவ்வளவு உயரத்திலிருந்து பாய்ந்தார் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும்! அந்தப் படைக்கான கிடங்காகக் கட்டிய கோட்டைதான் ஃபோர்ட் டெபாசிட். ஊருக்கும் அதே பெயர் தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு போரில் தோற்ற கிரீக் மக்கள் 2 கோடி ஏக்கருக்கும் மேல் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நிலம் ஏலத்துக்கு வந்தது. கரோலினாக்களிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் தோட்ட முதலாளிகள் அடிமைகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். 1830இல் கவுண்டி உருவானபோது தென் கரோலினாவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வில்லியம் லவுண்ட்ஸின் பெயரை வைத்தார்கள்.

1860 கணக்கெடுப்பில் இங்கே சுமார் 27,700 பேர். அதில் 19,000க்கும் மேற்பட்டோர் அடிமைகள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். பழைய கடல் படிவ வரைபடம், 1850களின் பருத்தி வரைபடம், அடிமைகள் வரைபடம், இன்றைய தேர்தல் முடிவு வரைபடம், இந்த நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அலபாமாவின் குறுக்கே ஒரே பட்டைதான் தெரியும்.

அந்தக் காலத்துச் செல்வத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லவுண்ட்ஸ்பரோவுக்குப் போகலாம். உயர்ந்த தூண்கள் வைத்த வெள்ளை வீடுகள் இன்னும் நிற்கின்றன. அங்கே கறுப்பினத்தவரின் பழைய தேவாலயம் ஒன்றின் உச்சியில் இருக்கும் செம்புக் குவிமாடம், மாநிலத்தின் முதல் தலைநகராக இருந்து பாழான கஹாபாவின் சட்டமன்றக் கட்டடத்திலிருந்து வந்தது என்பார்கள். ஹெய்ன்வில் நீதிமன்றமும் அந்தக் காலத்தது, 1850களில் கட்டியது. அந்தக் கட்டடத்துக்குத் திரும்பவும் வருவோம்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் கை மாறவில்லை. விடுதலை பெற்றவர்களுக்கு விவசாயம் தெரியும், ஆனால் காணி நிலம் கிடையாது. அதனால் அதே தோட்டங்களில் வாரச் சாகுபடி. விதை, உரம், மாவு, துணி எல்லாம் முதலாளியின் கடையில் கடன். அறுவடைக்குப் பிறகு கணக்குத் தீர்க்கும்போது பேனா முதலாளியின் கையில். கடன் தீராதவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. சில ஆண்டுகள் கறுப்பினத்தவருக்கு ஓட்டும் பதவியும் கிடைத்தன என்பது உண்மை. அந்தக் கதவை 1901ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு அடைத்தது. தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி என்று அடுக்கடுக்காக நிபந்தனைகள் வைத்தார்கள்.

1906இல் கறுப்பினச் சமூகவியல் அறிஞர் டபிள்யூ.இ.பி. டூ பாய்ஸ் மத்திய அரசின் தொழிலாளர் துறைக்காக இந்தக் கவுண்டியில் வீடு வீடாக ஆய்வு நடத்தினார். யாரிடம் எவ்வளவு நிலம், யார் யாருக்குக் கடன், குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று வரைபடங்களோடு எழுதிக் கொடுத்தார். அரசியல் விஷயங்களைத் தொடுகிறது என்று சொல்லி அதை வெளியிட மறுத்தார்கள். பிறகு கைப்பிரதியையே அழித்துவிட்டார்கள். ஒரு கிராமப்புறக் கவுண்டியைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதப்பட்ட மிக நுணுக்கமான ஆவணமாக அது இருந்திருக்கும். என்னைக் கேட்டால், லவுண்ட்ஸுக்கு நேர்ந்த இழப்புகளின் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

இதற்கிடையே நடந்த ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1892இல் கல்ஹூன் என்ற இடத்தில் சார்லட் தோர்ன், மேபல் டில்லிங்ஹாம் என்ற இரண்டு வெள்ளை ஆசிரியைகள், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் ஆதரவோடு கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். எழுத்தும் தச்சும் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல், பழைய தோட்டங்களை விலைக்கு வாங்கி, ஏக்கர் ஏக்கராகப் பிரித்து, தவணையில் கறுப்பின விவசாயிகளுக்கு விற்றார்கள். கிட்டத்தட்ட 4,000 ஏக்கர், எண்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். பிறகு 1930களின் இறுதியில், மத்திய அரசின் நிலத் திட்டம் மூலம் ஒயிட் ஹால் பக்கமும் சில குடும்பங்கள் சொந்தப் பத்திரம் பெற்றன. கவுண்டியின் மொத்த நிலத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சொற்பம். ஆனால் 1965இல் யார் கதவைத் திறந்தார்கள், யார் திறக்க முடியவில்லை என்பதைத் தீர்மானித்தது இந்தச் சொற்ப நிலம்தான்.

அதற்கு முன் எதிர்ப்பே இல்லையா என்றால், இருந்தது. 1935இல் பருத்தி எடுக்கும் கூலிகள் நூறு பவுண்டுக்கு ஒரு டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கியால் பதில் வந்தது. அவர்களுடைய சங்கத்தைச் சேர்ந்த சிலர் கொல்லப்பட்டார்கள். 1947 டிசம்பரில் எல்மோர் போலிங் என்பவரை லவுண்ட்ஸ்பரோவில், அவருடைய கடைக்கு அருகிலேயே சுட்டுக் கொன்றார்கள். லாரிகள் ஓட்டி, கடை வைத்து, பலருக்கு வேலை கொடுத்து நன்றாகச் சம்பாதித்தவர். ஒரு கறுப்பினத்தவர் அந்த அளவுக்கு முன்னேறியதே அவர் செய்த குற்றம். 'ரத்த லவுண்ட்ஸ்' என்ற பெயர் இந்தக் கவுண்டிக்குச் சும்மா வரவில்லை.

1965 தொடக்கத்தில் நிலவரம்: மக்கள்தொகை சுமார் 15,000. ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். அவர்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர் ஒருவர்கூட இல்லை. வெள்ளையர் பட்டியலோ நூறு சதவிகிதத்தையும் தாண்டியது, சுமார் 118. இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் பெயர் நீக்கப்படாமல் அதில் இருந்தார்கள். நிலத்தில் 90 சதவிகிதம் 86 வெள்ளைக் குடும்பங்களின் கையில் இருந்தது என்று ஸ்னிக் என்ற மாணவர் அமைப்பின் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்.

அந்த மார்ச் மாதம் ஜான் ஹூலட் தலைமையில் ஒரு குழு ஹெய்ன்வில்லுக்குப் போய்ப் பதிவு கேட்டது. ஹூலட் இந்த ஊர்க்காரர். பர்மிங்காமில் தொழிற்சங்க வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இரண்டு வாரம் இழுத்தடித்த பிறகு அவருக்கும், கண் தெரியாத ஒரு போதகருக்கும் மட்டும் பதிவு கிடைத்தது.

அதே மாதம் 21 முதல் 25 வரை, கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கேட்டு, பக்கத்து ஊரான செல்மாவிலிருந்து மான்ட்கோமரி வரைக்குமான 54 மைல் ஊர்வலம் நடந்தது. வெளியே இதைச் செல்மாவின் கதையாகத்தான் சொல்வார்கள். வரைபடத்தைப் பார்த்தால் பாதையின் பெரும்பகுதி லவுண்ட்ஸுக்குள் இருக்கிறது. 80ஆம் எண் நெடுஞ்சாலை அன்று இங்கே இரண்டே தடம் கொண்ட குறுகிய சாலையாக இருந்ததால், இந்தப் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. ராத்திரி தங்க இடம் கொடுத்தவர்கள் யார்? ரோசி ஸ்டீல், ராபர்ட் கார்ட்னர் என்ற கறுப்பின நிலக்காரர்கள். சொந்த நிலம் என்பதால் கூடாரம் போட அனுமதிக்க முடிந்தது. வாரத்துக்கு உழுதவர்கள் சாலையோரம் நின்று கையசைத்தாலே வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

ஊர்வலம் முடிந்த அன்று இரவே, டெட்ராய்ட்டிலிருந்து உதவிக்கு வந்திருந்த வயோலா லியூஸோ கொல்லப்பட்டார். 39 வயது, ஐந்து குழந்தைகளின் தாய். கறுப்பின இளைஞர் ஒருவருடன் மான்ட்கோமரியை நோக்கிக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவரை கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைச் சேர்ந்த நான்கு பேர் துரத்தி வந்து, லவுண்ட்ஸில் வைத்துச் சுட்டார்கள். அந்த நால்வரில் ஒருவர் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் உளவாளி. ஹெய்ன்வில்லில் நடந்த கொலை வழக்கில் ஒருமுறை ஜூரி ஒத்துப்போகவில்லை, அடுத்த முறை விடுதலை. பிறகு மத்திய நீதிமன்றம்தான், சிவில் உரிமையைப் பறித்த குற்றத்துக்காக மூவருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. சாலையோரத்தில் அவருக்கு வைத்த நினைவுக்கல்லைப் பிற்காலத்தில் சேதப்படுத்தினார்கள், அதனால் சுற்றிலும் வேலி போட வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் மாதம் இன்னொரு கொலை. ஜானதன் டேனியல்ஸ் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்தவர், பாதிரியார் பயிற்சியில் இருந்த மாணவர். ஃபோர்ட் டெபாசிட்டில் கடைகளுக்கு முன் மறியல் செய்ததற்காக மற்றவர்களோடு அவரையும் பிடித்து, குப்பை லாரியில் ஏற்றி, ஹெய்ன்வில் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள் கழித்து, 20ஆம் தேதி, திடீரென்று வெளியே விட்டார்கள். தாகத்துக்குக் குடிக்க ஏதாவது வாங்கலாம் என்று நான்கு பேர் பக்கத்துக் கடைக்கு நடந்தார்கள். வாசலில் டாம் கோல்மன் துப்பாக்கியோடு நின்றார். பதினேழு வயது ரூபி சேல்ஸை நோக்கி அவர் குறிவைக்க, டேனியல்ஸ் அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டுக் குறுக்கே நின்று செத்தார். கூட வந்த பாதிரியார் மோரிஸ்ரோ முதுகில் குண்டு பாய்ந்து படுகாயமடைந்தார். பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் கொண்ட ஜூரி கோல்மனை விடுதலை செய்தது. தற்காப்புக்குச் சுட்டாராம்!

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. இந்த ஜூரி முறையையே எதிர்த்து உள்ளூர் மக்கள் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஒயிட் எதிர் குரூக் என்று பெயர். கறுப்பினத்தவரை ஒதுக்குவது மட்டுமல்ல, பெண்களை ஜூரியில் சேர்க்காததும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1966 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வாதத்தைத் தயாரித்தவர்களில் கறுப்பின வழக்கறிஞர் பாலி மர்ரி ஒருவர். பெண்ணுரிமைச் சட்ட வரலாற்றில் முக்கியமான தீர்ப்பு; அது இப்படியொரு பருத்திக் கவுண்டியிலிருந்து வந்தது என்பதைச் சட்டம் படித்தவர்களே பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஊர்வலம் போன பிறகும் இங்கேயே தங்கியவர்கள் ஸ்னிக் இளைஞர்கள். அவர்களில் ஒருவர், 'கறுப்பு அதிகாரம்' என்ற முழக்கத்தால் பின்னர் புகழ்பெற்ற ஸ்டோக்லி கார்மைக்கேல். ஊர்வலத்தின்போதே சாலையோரம் நின்றவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு வீடாகப் போனார்கள். தங்குவதற்கு வீடு கொடுத்தவர் ஒயிட் ஹாலின் மாத்யூ ஜாக்சன். அவரும் சொந்த நிலக்காரர். ஆகஸ்ட்டில் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானதும் மத்திய அரசின் பதிவாளர்கள் வந்தார்கள், பெயர்கள் ஏறத் தொடங்கின. நில முதலாளிகள் பதிலுக்குச் செய்தது வெளியேற்றம். பதிவு செய்த குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்திலிருந்து துரத்தினார்கள். அந்தக் குடும்பங்களுக்காக 1965 டிசம்பரில் 80ஆம் எண் சாலையோரத்தில் கூடாரங்கள் எழுந்தன. கீழே மரப்பலகை, நடுவில் ஓர் அடுப்பு, சாலையில் போகும் கார்களிலிருந்து அவ்வப்போது துப்பாக்கிச் சூடு. அப்படி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள்.

அப்புறம் வந்ததுதான் கருஞ்சிறுத்தை. அலபாமாவில் ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன்மேல் 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்றே பல காலம் எழுதியிருந்தது. உள்கட்சித் தேர்தலில் நிற்கும் கட்டணத்தையும் 50 டாலரிலிருந்து 500 ஆக்கினார்கள். அந்தக் கட்சியில் போய் நிற்பதைவிடத் தனிக் கட்சி தொடங்கலாம் என்று முடிவு செய்து, ஹூலட்டைத் தலைவராக வைத்து, 'லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலை அமைப்பு' உருவானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கட்சியும் சின்னம் வைத்தாக வேண்டும். இவர்கள் பாயத் தயாராக நிற்கும் கருஞ்சிறுத்தையை எடுத்தார்கள். அட்லான்டாவின் ஒரு கறுப்பினக் கல்லூரியின் விளையாட்டுச் சின்னத்தைப் பார்த்து வரைந்தது அது. ஷெரிஃப் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளர் என்ன செய்வார், பிணப் பரிசோதகர் எதற்கு என்று படக்கதைப் புத்தகங்கள் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். இதுவரை ஓட்டே போடாதவர்களை வேட்பாளராகவே ஆக்கும் முயற்சி அது. வரி மதிப்பீட்டாளர் பதவிக்கு நின்ற ஆலிஸ் மூரின் பிரசாரம் ரொம்பச் சுருக்கம்: பணக்காரனுக்கு வரி போட்டு ஏழைக்குச் சோறு போடுவேன், அவ்வளவுதான்.

1966 நவம்பரில் நின்ற ஏழு பேரும் தோற்றார்கள். பதிவில் கறுப்பினத்தவர் முந்திவிட்டிருந்தும் தோல்வி. தோட்ட முதலாளிகள் தங்கள் கூலிகளை வண்டியில் ஏற்றி வந்து, சேவல் பக்கம் ஓட்டுப் போட வைத்தார்கள். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் இந்தச் சின்னத்தை எடுத்துக்கொண்டு 'பிளாக் பேந்தர்' கட்சியைத் தொடங்கினார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தச் சிறுத்தை பிறந்த இடம் இந்தக் களிமண் என்பதுதான் பலருக்கும் தெரியாது.

1970இல் ஹூலட் ஷெரிஃப் ஆனார். அந்தப் பதவியில் 22 ஆண்டுகள், பிறகு பிரோபேட் நீதிபதி. போலீஸ் அடி நின்றது, பயம் போனது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் பதவி கைக்கு வந்த வேகத்தில் நிலமும் பணமும் வரவில்லை. காலப்போக்கில் ஹூலட் ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே போய், வெள்ளையரோடும் சமரசம் செய்துகொண்டார் என்று பழைய தோழர்கள் சிலருக்கு வருத்தம். அது ஓரளவு நியாயமான வருத்தம். ஆனால் வரி வருமானம் நிலத்திலிருந்து வருகிறது, நிலம் பழைய குடும்பங்களிடமும் மரக் கம்பெனிகளிடமும் இருக்கிறது, மாநிலச் சட்டமோ நில வரியை மிகக் குறைவாக வைத்திருக்கிறது என்னும்போது ஒரு ஷெரிஃப் எவ்வளவு தூரம் போக முடியும்?

பொருளாதாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1910களில் வந்த பருத்தி வண்டு, பிறகு இயந்திரம், பிறகு வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்வு. 1900இல் 35,000ஐத் தாண்டியிருந்த மக்கள்தொகை இன்று அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பருத்தி வயல்கள் மாட்டுப் புல்வெளியாகவும் பைன் தோப்பாகவும் மாறின; மான் வேட்டைக்கு நிலத்தைக் குத்தகை விடுவதும் ஒரு வருமானம். 1980களில் பர்க்வில்லில் பெரிய பிளாஸ்டிக் ஆலை வந்தது; முதலில் ஜெனரல் எலெக்ட்ரிக், 2007க்குப் பிறகு சவுதியின் சாபிக். ஒயிட் ஹாலில் மின்னணு பிங்கோ என்ற சூதாட்டக் கூடம் ஓடியது, 2009இல் மாநில அரசு அதில் சோதனை போட்டது. வேலைக்குப் பலர் மான்ட்கோமரிக்குத்தான் போகிறார்கள். பொதுப் பள்ளிகளில் படிப்பவர்கள் கிட்டத்தட்ட அனைவரும் கறுப்பினக் குழந்தைகள். 1960களில் பள்ளிகளில் இனப்பிரிவினை முடியத் தொடங்கியபோது, வெள்ளையர்கள் தங்களுக்கென்று தனியார் பள்ளி வைத்துக்கொண்டு விலகியதன் விளைவு இது.

இனி கழிவுநீர். கடந்த இருபது ஆண்டுகளில் லவுண்ட்ஸ் செய்தியில் வந்தது பெரும்பாலும் இதற்காகத்தான்.

செப்டிக் டேங்க் வேலை செய்ய வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து வரும் நீரை மண் உறிஞ்ச வேண்டும். இந்தக் களிமண் உறிஞ்சாது. மழைக்காலத்தில் தொட்டி நிரம்பி, கழிவு குளியலறைக் குழாய் வழியாக வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரும். பிளாக் பெல்ட்டின் மேற்கே இதே மண்ணில் குளம் வெட்டிக் கெளுத்தி மீன் வளர்க்கிறார்கள். தண்ணீர் இறங்காததுதான் அங்கே லாபம், இங்கே அதுவே தொல்லை. மணலைக் கொண்டுவந்து கொட்டி மேடு எழுப்பி அமைக்கும் தொட்டிதான் தாங்கும். அதற்கு 15,000 டாலரிலிருந்து 30,000 வரை ஆகும். இங்குள்ள பல குடும்பங்களின் ஓராண்டு வருமானத்தையே விழுங்கும் தொகை. வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஐந்தில் நான்கு வீடுகளுக்குப் பொதுச் சாக்கடை இணைப்பு கிடையாது. எனவே பல இடங்களில் வெள்ளை பி.வி.சி. குழாய் ஒன்று டிரெய்லர் வீட்டிலிருந்து கிளம்பி, கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்திலோ மரங்களுக்கு நடுவிலோ திறந்தபடி முடியும்.

கடன் வாங்கிச் சரி செய்யலாமே என்றால் அங்கேயும் பத்திரம்தான் குறுக்கே நிற்கிறது. தாத்தா வாங்கிய நிலம் உயில் எழுதாமல் பேரன் பேத்திகள் இருபது முப்பது பேருக்குப் பொதுவாகக் கிடக்கும். பாதிப் பேர் சிகாகோவிலோ டெட்ராய்ட்டிலோ இருப்பார்கள். வில்லங்கம் தெளியாத நிலத்துக்கு வங்கியும் கடன் தராது, அரசு மானியமும் எளிதில் வராது. மாநிலமோ உதவுவதற்குப் பதிலாக, சுகாதாரக் குற்றம் என்று வழக்குப் போட்டு ஏழைகளைக் கைது செய்தது. 2000ஆம் ஆண்டையொட்டி நடந்த அந்தக் கைதுகள்தான் இந்த ஊர்ப் பெண்ணான கேத்தரின் கோல்மன் ஃப்ளவர்ஸை இந்தப் பிரச்சினைக்குள் இழுத்தன. 2020இல் அவருக்கு, அமெரிக்காவின் பெரிய கௌரவங்களில் ஒன்றான மக்ஆர்தர் விருது கிடைத்தது.

2017இல் வந்த ஆய்வில், சோதித்த 55 பேரில் 19 பேருக்குக் கொக்கிப்புழு இருப்பதற்கான மரபணுத் தடயம் கிடைத்தது. அமெரிக்காவில் ஒழிந்துவிட்டது என்று நினைத்த நோய் என்பதால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதே ஆண்டு ஐ.நா.வின் வறுமை ஆய்வாளர் பிலிப் ஆல்ஸ்டனும் வந்து பார்த்தார். இதில் ஓர் எச்சரிக்கை: 55 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, பின்னர் பிளாக் பெல்ட் குழந்தைகளிடையே நடந்த பெரிய ஆய்வில் புழு அகப்படவில்லை. ஆகவே மூன்றில் ஒருவருக்குக் கொக்கிப்புழு என்று மொத்தக் கவுண்டிக்கும் நீட்டிச் சொல்வது சரியல்ல. கழிவு வீட்டு வாசலில் தேங்குகிறது என்பதற்குப் புழுவின் சாட்சி தேவையுமில்லை. இங்கே ஒரு கிளைச் செய்தி: அமெரிக்கத் தெற்கில் 1909இல் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிய ராக்ஃபெல்லர் அமைப்பினர்தான், அதே முறையை 1910களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்களிடமும் கொண்டுபோனார்கள்.

2023 மே மாதம் மத்திய நீதித்துறைக்கும் மாநிலச் சுகாதாரத் துறைக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கழிவுநீருக்காக வழக்குப் போடுவதை நிறுத்த வேண்டும், திட்டம் போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்பது சாரம். 2025 ஏப்ரலில் டிரம்ப் ஆட்சி, இது இன அடிப்படையிலான சலுகை என்று சொல்லி அதை ரத்து செய்தது. ஏற்கெனவே வந்த பணத்தில் தொட்டிகள் போடும் வேலை நடக்கிறது, மெதுவாக.

நேரில் பார்க்க நினைப்பவர்கள் மான்ட்கோமரியிலிருந்து 80ஆம் எண் சாலையில் மேற்கே போனால், கூடாரங்கள் இருந்த இடத்திலேயே தேசியப் பூங்காத் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. 2006இல் திறந்தது. ஒயிட் ஹாலுக்கு வடக்கே ஆற்றங்கரையில் புனித பூமிப் போர்க்களப் பூங்கா. ஆகஸ்ட்டில் போனால் ஹெய்ன்வில்லில் டேனியல்ஸ் நினைவு யாத்திரை நடக்கும். சிறையிலிருந்து கடை இருந்த இடம் வரை நடந்து, நீதிமன்றத்துக்குள் வந்து, கோல்மனை விடுதலை செய்த அதே அறையில், நீதிபதியின் மேசையைப் பலிபீடமாக வைத்துத் திருப்பலி நடத்துவார்கள். திரும்பும்போது 65ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக வந்தால் ஃபோர்ட் டெபாசிட் விலகுபாதையில் 1935இலிருந்து நடக்கும் பிரீஸ்டர்ஸ் என்ற பீக்கன் கொட்டைக் கடை இருக்கிறது. ஹெய்ன்வில் பக்கம் சாப்பாட்டுக் கடைகள் குறைவு, அதனால் கிளம்பும்போதே ஏதாவது கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.